வேடரும் காவலரும்

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, கடலினும் உவர்ப்பு மிகுந்த ஏரி ஒன்று உண்டு. பெரிய உப்பேரி என்பது அதன் பெயர். ஆறுகள் அதனுட் பாய்கின்றன. அதிலிருந்து வெளியே ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கதிரவன் நீரைக் கவர்ந்து செல்ல, உப்பு எஞ்சி நிற்கின்றது. எனினும் ஆறுகள் ஏரியை அடையுமிடங்களில் நன்னீர்ச் சதுப்பு நிலங்கள் பரந்துள்ளன. நெடுந்தூரம் வலசை செல்லும் தாராக்களும் அன்னங்களும் அங்கே தங்கி இரை தேடுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சந்தை வேட்டைக்காரர் இப்பறவைகளை வரம்பின்றிக் கொன்றனர். உழவுக்காக ஆற்றுநீரும் திருப்பப்பட்டது. எஞ்சிய நீர் தேங்கிச் சூடேறவே, பொட்டுலிசம் எனப் பின்னர் அறியப்பட்ட நச்சுநோய் பரவியது. 1910 ஆம் ஆண்டில் எண்ணிறந்த பறவைகள் மடிந்தன. இக்கேட்டை நீக்குமாறு முறையிட்டோருள் வேட்டைக்காரரும் இருந்தனர். 1928 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி, பெயார் ஆற்று முகத்துவாரத்திற் பறவைப் புகலிடம் ஒன்றை நிறுவியது. அணைக்கரைகள் எழுப்பி, ஆற்றுநீரை ஆங்காங்கே தேக்கிவைத்தனர்.

அப்புகலிடத்தின் ஒரு பகுதியிற் பருவகாலத்தில் வேட்டைக்கு இடமுண்டு. ஏனைய பகுதியில் துப்பாக்கி ஒலிக்கலாகாது. ஏரியின் கீழ்க்கரையில், ஃபார்மிங்டன் குடா போன்ற இடங்களில், மாநில அரசின் பொது வேட்டை நிலங்களும் உள. செல்வரின் தனிக் கழகங்களிற் சேர வசதியற்றவரும் அங்கே வேட்டையாடலாம்.

வேட்டையாடுவோர் காவலராதல் எங்ஙனம் என்று வினவலாம். 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஆண்டுதோறும் முத்திரையொன்று வாங்குதல் வேண்டும். அன்று அதன் விலை ஒரு டொலர். இன்று 25 டொலர். அப்பணம் சதுப்பு நிலங்களைப் பெற்றுப் பேணுவதற்குச் செலவாகின்றது. சேற்றில் வீழ்ந்த ஈயக்குண்டுகளைப் பருக்கைக் கற்களெனக் கருதி விழுங்கிய பறவைகள் நஞ்சேறி மாண்டமையால், நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு 1991 இல் நாடெங்கும் விலக்கப்பட்டது.

ஆயினும், முத்திரைப் பணத்தால் மட்டும் தீராத இடர் ஒன்றுண்டு. 1983 இல் ஏரி பெருகி, உப்புநீர் புகலிடத்தை மூடியது. கட்டடங்களும் நன்னீர்ச் செடிகளும் அழிந்தன. தொண்டர் பலர் உழைத்து அதனை மீட்டனர். இன்றைய இடரோ நீர்க்குறைவு. 2022 நவம்பரில், அளவீடு தொடங்கிய காலந்தொட்டுக் காணாத தாழ்நிலையை ஏரி எய்தியது. மழைக்குறைவும் ஒரு காரணமே. ஆயினும் மேற்புறத்து வயல்களும் நகரங்களும் ஆற்றுநீரை எடுத்துக்கொள்வதே முதற்காரணம். புகலிடத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள உழவரும் நகரமாந்தரும் தம் பங்கிற் சிறிது விட்டுக்கொடுத்தாலன்றி, வேடருக்கும் பறவைக்கும் அக்கரையில் இடமிராது.