பணமில்லாத படமும் கூலியில்லாத வேலையும்

(மும்பை சயானில் நமது சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்திய கூட்டத்தில், ரயில்வே ஊழியரான நம் அமைப்பாளர் ஆற்றிய உரை)

 

சினிமாவில் உதவி இயக்குநர் வேலை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பார்சல் ஆபீசில் பேரேடு எழுதுகிற குமாஸ்தாவுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். போன கோடையில் தாராவியில் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். இட்லி வியாபாரம் செய்கிற தமிழ்க் குடும்பத்தின் கதை. தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுகிற, சந்துக்குச் சந்து ஆட்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று சங்கத்துக்கு வந்து கேட்டார்கள். நான் 18 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காசு வாங்காமல் போனேன். நம் பகுதிப் பையன்கள் இருவரும் ஒரு பெண்ணும் அதே படத்தில் உதவி இயக்குநர்களாக இருந்தார்கள். விடுப்பில் இருந்தாலும் எனக்கு ரயில்வே சம்பளம் வரும். அவர்களுக்கு எங்கிருந்து வரும்? இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் அது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். இயக்குநர் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். ரயில் ஓடுவதற்கு டைம் டேபிள் எப்படியோ, படம் ஓடுவதற்கு உதவி இயக்குநர் அப்படி. கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, எந்தக் காட்சிக்கு யார் வேண்டும், என்ன உடை, என்ன சாமான், பகலா இரவா என்று பட்டியல் போடுகிறவர் அவர். ஒரே இடத்தில் நடக்கிற காட்சிகளை ஒன்று சேர்த்து எடுப்பார்கள். அதனால் கதையின் முடிவு முதல் நாளிலும், தொடக்கம் பத்தாவது நாளிலும் வரும். நாளைக்கு யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று முந்தின இரவே தாள் எழுதி எல்லாருக்கும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கண்டினியூட்டி. தட்டில் ஆறு இட்லி இருக்கும்போது அம்மாவின் முகத்தை எடுத்தார்கள். மகன் முகத்தை மறுநாள் எடுத்தார்கள். அன்றைக்கும் தட்டில் ஆறு இட்லிதான் இருக்க வேண்டும். சட்னி எந்தப் பக்கம், புடவை முந்தானை எந்தத் தோளில், சுவரில் வெயில் எதுவரை இருந்தது என்று எல்லாவற்றையும் அந்தப் பெண் நோட்டில் எழுதிவைத்தாள். நான் பார்சல் எண்ணுவதைவிடக் கவனமாக எழுதினாள். ஒரு வரி தவறினால் அந்த நாளின் உழைப்பு முழுவதும் வீண்.

பெரிய படத்தில் இந்த வேலைகளுக்குத் தனித்தனி ஆள் இருப்பார்கள். சின்னப் படத்தில் எல்லாம் மூன்று பேர் தலையில் விழும். கிளாப் அடிப்பதும் அவர்கள், கூட்டத்தை ஒதுக்குவதும் அவர்கள், டீ வாங்குவதும் அவர்கள். பேசுகிற குரலை அந்த இடத்திலேயே பதிவு செய்கிறார்கள் என்பதால், டேக் தொடங்கும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அக்காமார்களிடம் கெஞ்சி அடுப்பை அணைக்கச் சொல்வதும் உதவி இயக்குநர்தான். லோக்கல் ரயில் போகிற நேரத்தை மட்டும் நான் சொன்னேன். அது எனக்குத் தெரிந்த வித்தை.

இப்போது கணக்குக்கு வருவோம். காமிரா வாடகைக்கு வந்தது. வாடகையை அன்றன்றே கட்டினார்கள். கட்டாவிட்டால் மறுநாள் காமிரா வராது. ஜெனரேட்டர்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் பணம் போனது. நம் பிள்ளைகளுக்கு மட்டும், "சின்ன பட்ஜெட், அனுபவம் கிடைக்கும், டைட்டிலில் பெயர் வரும்" என்று பதில் வந்தது. தோழர்களே, காமிராவுக்கு வாடகை கொடுக்காவிட்டால் அது வராது. நம் பையன் மட்டும், கொடுக்காவிட்டாலும் காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறான். கனவு இருக்கிறது என்பதால் அவனுக்குப் பசி இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் இரவு ஒன்றரை மணிக்குப் பாக்-அப். கடைசி லோக்கல் போய்விட்டது. அடுத்த வண்டி விடியற்காலை நாலு மணிக்கு மேல்தான். ஒரு பெண்பிள்ளை அதுவரை எங்கே இருப்பாள்? மறுநாள் காலை தயாரிப்பாளரிடம் உட்கார்ந்து பேசினோம். சாப்பாடு, பயணப்படி தினமும், இரவு 11 மணிக்கு மேல் வேலை போனால் வீடுவரை வண்டி, மீதிக் கூலி இவ்வளவு, படம் விற்றதும் தரப்படும், டைட்டிலில் பெயர். இத்தனையும் தாளில் எழுதிக் கையெழுத்தானது. பயணப்படியும் வண்டியும் வந்தன. படம் இன்னும் விற்கவில்லை, மீதிக் கூலியும் வரவில்லை. ஆனால் தாள் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

பணம் குறைந்த படத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' 1976-ல் வந்தது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்ட பணத்தில் எடுத்தது. 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், எல்.ஐ.சி.யில் வேலை பார்த்தவர். மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி'யில் உதவியாளராக இருந்தவர். அவரும் தோழர்களும் ஒடேசா என்ற கூட்டமைப்பாகக் கேரளத்தில் ஊர் ஊராகப் போய், சாப்ளின் படம் போட்டுக்காட்டி, மக்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். இல்லாமையை ஊர் அறியச் சொல்லி, ஊரோடு சேர்ந்து சுமந்தார்கள். இல்லாமையைச் சின்னவன் தலையில் மட்டும் இறக்கி வைப்பது வேறு காரியம்.

இன்னொன்றை ரயில்வேக்காரனாகச் சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரி 20. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 'மிட்நைட் ரைடர்' என்ற படத்துக்காக, ஓர் ஆற்றுப் பாலத்தின் தண்டவாளத்தில் இரும்புக் கட்டிலைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில்வே கம்பெனி அனுமதி மறுத்திருந்தது. சரக்கு வண்டி வந்தது. காமிராப் பிரிவின் உதவியாளர், 27 வயதுப் பெண், இறந்துபோனார். பலர் காயமடைந்தார்கள். படம் நின்றுபோனது. இயக்குநர் சிறைக்குப் போனார். முதல் உதவி இயக்குநருக்கும் தண்டனை, பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. பணம் கொழிக்கும் படத்திலும் இதே கதைதான். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னைக்கு அருகே ஒரு பெரிய படத்தின் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர்.

லைன் கிளியர் கிடைக்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுப்பதில்லை. தளத்தில் லைன் கிளியர் கொடுக்கிற இடத்தில் இருப்பவர் உதவி இயக்குநர். ரயில் நிலையத்தில் படம் எடுக்க வேண்டுமானால் மண்டல ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அனுமதி வாங்க வேண்டும். "யாரும் பார்க்காமல் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும், "அனுமதித் தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் திரைத்தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே சட்டம் வந்தது. புலம்பெயர்ந்த நமக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. இரண்டையும் 2020-ல் ஒரே தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது நடப்புக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் ஏன் எதிர்க்கின்றன என்பதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நடிப்பவர் மட்டுமல்ல, மேற்பார்வை, தொழில்நுட்ப, கலை வேலை செய்பவரும், அரசு குறிக்கும் ஊதிய வரம்புக்குள் வந்தால், ஒப்பந்தத்துக்கு உரிமை உள்ளவர் என்பது அதிலும் இருக்கிறது. தாள் கேட்பது திமிர் அல்ல, சட்டம்.

தாய்மார்களே, பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் வாழ்க்கையை நம் பிள்ளைகள் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்கள்? அனுப்புங்கள். ஆனால் மூன்றைக் கேட்டு அனுப்புங்கள். எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று எழுதிய தாள் எங்கே? இரவில் எப்படி வீடு திரும்புவாய்? அடிபட்டால் யார் பொறுப்பு? தம்பி தங்கைகளே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். வேலைக்குப் போன தேதி, நேரம், வாங்கிய காசு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்டினியூட்டி நோட்டில் ஆறு இட்லியை எண்ணி எழுதத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் நாட்களை எழுதத் தெரியாதா?

ஞாயிறுதோறும் மாலையில் சங்க அலுவலகம் திறந்திருக்கும். ஒப்பந்தம் எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.