கண்ணளவும் கையளவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடைக்கு வருவோர் கல்வியின் பெருமை, ஒற்றுமையின் அவசியம் முதலிய உயர்ந்த பொருள்களை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நாமோ இன்று சாணையும் முழத்தையும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "இது என்ன, மூன்றாம் வகுப்புப் பாடமா?" என்று பின்வரிசையிலே சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. ஆயினும் இந்தச் சிறு பாடத்தைச் சரியாகக் கல்லாமையினால் ஒரு குடும்பம் பிரிந்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அது வேறு எவருடைய குடும்பமும் அன்று, எமது குடும்பமே.

எமது தந்தையாரும் சிறிய தந்தையாரும் அடுத்தடுத்த காணிகளிலே குடியிருந்தவர்கள். வடக்கு எல்லைக்கல்லிலிருந்து 60 முழம் சிறிய தந்தையாருக்கு. எஞ்சியது எமது தந்தையாருக்கு. உறுதி அப்படித்தான் சொல்லிற்று. ஓர் ஆண்டு பழைய வேலி விழுந்து, புதிய கதியால் நாட்டவேண்டி வந்தது. சிறிய தந்தையார் நெடிய மனிதர். அவர் தம் கையால் 60 முழம் அளந்து ஒரு தடி நாட்டினார். எமது தந்தையார் சற்றுக் குள்ளமானவர். அவரும் அதே கல்லிலிருந்து தம் கையால் 60 முழம் அளந்து இன்னொரு தடி நாட்டினார். இரண்டு தடிகளுக்கும் இடையே 5 அடி நிலம் கிடந்தது. "என் கை பொய் சொல்லுமோ?" என்றார் ஒருவர். "என் கை மட்டும் சொல்லுமோ?" என்றார் மற்றவர். அன்று நின்ற பேச்சு பதினொரு ஆண்டுகள் நின்றது. எமது தமக்கையாரின் திருமணப் பந்தலிலே சிறிய தந்தையார் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். ஒருவர் முழம் பதினெட்டரை அங்குலம். மற்றவர் முழம் பதினேழரை அங்குலம். வேறுபாடு ஓர் அங்குலந்தான். அறுபது முறை அளந்தால் 60 அங்குலம், அதாவது 5 அடி. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் களவெடுக்கவில்லை. இருவரும் தத்தம் கையை நம்பினார்கள், அவ்வளவே. பின்னர் ஒரு நில அளவையாளர் வந்து நாடா பிடித்தபோது, முழம் ஒன்றுக்கு 18 அங்குலமாக 90 அடியிலே எல்லை விழுந்தது. அது இரு தடிகளுக்கும் சரி நடுவிலே இருந்தது. ஆனால் அதனைப் பார்ப்பதற்குச் சிறிய தந்தையார் அப்போது உயிரோடில்லை.

நிற்க. கையளவு பிழையானது என்று சொல்வது எமது நோக்கமன்று. மனிதன் முதன்முதல் அளந்தது தன் உடம்பாலேதான். விரல், சாண், முழம், பாகம், அடி என்பன யாவும் உடம்பிலிருந்து பிறந்தவையே. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு பாகம். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை உள்ள நீளம் ஏறத்தாழ அவரவர் உயரமே. கடற்றொழிலாளர் இன்றும் நீரின் ஆழத்தைப் பாகக் கணக்கிலே சொல்லக் கேட்கின்றோம். பூக்காரி முழத்தாற் பூ விற்கின்றாள். நாம் நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி என்கின்றோம். ஒருவர் தமக்குத் தாமே அளந்துகொள்வதற்குக் கையளவு போதும். இருவர் பங்கிடும்போதுதான் அது போதாது.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சோழர் ஆட்சியிலே நிலத்தை அளப்பதற்குப் பதினாறு சாண் கோல் முதலிய கோல்கள் வழங்கின. முதலாம் இராசராசன் காலத்தில், 1001ஆம் ஆண்டளவில், நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. கோலின் நீளத்தை ஆலயச் சுவரிலே கல்லில் வெட்டிவைக்கும் வழக்கமும் இருந்தது. ஏன் கல்லிலே வெட்டினார்கள்? அது எந்த ஒருவருடைய கையும் அன்று என்பதற்காகவே. ஊரார் எவரும் சென்று தம் கோலை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொது அளவு என்பது பொது நேர்மையின் மறுபெயர் எனலாம்.

அதே எண்ணந்தான் பிற்காலத்திலே மீற்றரையும் பிறப்பித்தது. 1791ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர், வடதுருவத்திலிருந்து பூமத்திய கோடுவரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கே மீற்றர் என்று வகுத்தனர். அதனை நிச்சயிக்க தெலம்பர், மெஷேன் என்னும் இருவர் 1792 முதல் 1798 வரை டன்கேர்க் நகரிலிருந்து பார்சலோனாவரை நிலம் அளந்தனர். 1875ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி 17 நாடுகள் மீற்றர் உடன்படிக்கையிலே கைச்சாத்திட்டன. 1983 முதல், ஒளியானது ஒரு செக்கனின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்திலே செல்லும் தூரமே மீற்றர். இனி அதற்குக் கல்லும் வேண்டியதில்லை, கோலும் வேண்டியதில்லை.

நமது நாட்டிலே நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1970களில் மெற்றிக் முறை வந்தது. எனினும் வாய்ப்பேச்சிலே பழைய அளவுகள் மறையவில்லை. காணியைப் பரப்பிலும், மரத்தை அடி அங்குலத்திலும், துணியை யாரிலும் மீற்றரிலும் சொல்கின்றோம். மைற்கற்கள் நின்ற இடங்கள் பலவற்றுக்கு இன்றும் 'கட்டை' என்ற பெயர் வழங்குகின்றது. ஆகவே நம் இளைஞருக்கு இரு மொழிகள் தெரிந்திருக்கவேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஒரு மைல் ஏறக்குறைய 1.6 கிலோமீற்றர், தோட்டக் காணியிலே 16 பரப்பு ஓர் ஏக்கர். கிரிக்கற் விளையாடுவோர்க்கு ஒரு செய்தி: இரு விக்கற்றுகளுக்கும் இடையேயுள்ள 22 யார், அளவையாளரின் பழைய சங்கிலி ஒன்றின் நீளமேயாகும். 66 அடி கொண்ட அச்சங்கிலி 80 கொண்டது ஒரு மைல். உங்கள் மைதானமே உங்களுக்கு ஓர் அளவுகோல் அன்றோ?

இனிக் கண்ணளவுக்கு வருவோம். "கைத்தொலைபேசி தூரத்தைச் சொல்லும்போது கண்ணால் மதிப்பிடுவது எதற்கு?" என்று கேட்பீர்கள். தகுந்த கேள்வியே. ஆனால் வீதியைக் கடக்கும்போது தொலைபேசியை எடுத்து அளந்துகொண்டு நிற்பார் யார்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 6 செக்கனில் 100 மீற்றரைக் கடந்துவிடும். 7 மீற்றர் அகலமான வீதியைச் சாதாரண நடையிலே கடக்கவும் ஏறத்தாழ 6 செக்கன் ஆகும். எனவே 100 மீற்றருக்கு அப்பால் வரும் வாகனத்தைப் பார்த்து, "அது தூரத்தில் வருகின்றது" என்று இறங்குபவர், அதற்கு நேரேதான் நடக்கின்றார். வாகனம் ஓட்டுபவருக்கும் இதே கணக்குத்தான். ஆபத்தைக் கண்டு கால் தடுப்பை மிதிப்பதற்கு ஒரு செக்கன் சென்றால், அதற்குள் வண்டி 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். 100 மீற்றர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் கல்வி.

வயலிலே நிற்பவருக்கு இடியும் ஓர் அளவுகோல். ஒலி ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 3 செக்கன் ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுமுன் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கின்றது; மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் செல்லவேண்டும்.

இக்கல்விக்குப் பணம் வேண்டியதில்லை. முதலில் உங்கள் உடம்பை அளந்து எழுதிவையுங்கள். பெருவிரல் அகலம், சாண், முழம், பாத நீளம், உயரம் என்னும் ஐந்தும் போதும். அடுத்து, பாடசாலை மைதானத்திலே ஓட்டப் போட்டிக்குக் குறித்த 100 மீற்றரை இயல்பான நடையில் மூன்று முறை நடந்து எட்டுகளை எண்ணுங்கள். சராசரி 140 எட்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஓரெட்டு ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர். வீட்டிலிருந்து சந்திக்கு 910 எட்டு என்றால், தூரம் 650 மீற்றர்.

பனையின் உயரத்தை அறிய அதிலே ஏறவேண்டியதில்லை. ஒரு மீற்றர்த் தடியை நேரே நாட்டுங்கள். அதன் நிழல் 80 சென்ரிமீற்றராக இருக்கும் வேளையிலே பனையின் நிழல் 16 மீற்றரானால், பனை 20 மீற்றர் உயரம். நிழலை அற்பமாக எண்ணவேண்டாம். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டிலே எரதொஸ்தனிஸ் என்னும் அறிஞர், இரு நகரங்களிலே நண்பகல் நிழல் வேறுபடுவதைக் கொண்டு பூமியின் சுற்றளவையே கணித்தார்.

எட்டிச் செல்லமுடியாத தூரத்துக்குப் பெருவிரல் உண்டு. கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின் மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பக்கவாட்டிலே தாவும். நம் கையின் நீளம் இரு கண்களுக்கிடையேயுள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆதலால் விரல் தாவிய அகலத்தைப் பத்தால் பெருக்கினால் தூரம் வரும். வெளிக்கு அப்பால் குறுக்கே நிற்கும் 10 மீற்றர் நீளமான பேருந்தின் முன்புறத்திலிருந்து பின்புறத்துக்கு விரல் தாவுமானால், பேருந்து 100 மீற்றர் தொலைவில் நிற்கின்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு பழக்கம். முதலில் மதிப்பிடுங்கள், பிறகு அளவுங்கள், இரண்டையும் பக்கத்திற் பக்கமாக எழுதுங்கள். அளந்த பின் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்வது எவர்க்கும் எளிது. எழுதிய தாள் அதற்கு இடங்கொடாது. நாம் இப்படி எழுதிப் பார்த்தபோது, கடற்கரையிலும் வெட்டவெளியிலும் தூரத்தைக் குறைத்தும், மாலை மங்கலிலே கூட்டியும் சொல்வது எமது குறை என்று கண்டோம். தன் பிழை எந்தப் பக்கம் சாய்கின்றது என்று அறிந்தவன் பாதி திருந்தியவன்.

இளைஞர்களே, ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கண்ணளவு நடைக்கும் வேலைக்கும் உதவும், எல்லைக்கு உதவாது. தொலைபேசி காட்டும் இடமும் சில மீற்றர் பிழைக்கக்கூடும். வேலி வழக்கோ ஒரு சாணில் நிற்கின்றது. அயலவரோடு எல்லை பற்றி ஐயம் எழுமானால், இருவரும் சேர்ந்து உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். இருவரும் ஒரே நாடாவின் இரு முனைகளைப் பிடியுங்கள். ஒருவர் காணியை மற்றவர் அபகரிக்க வந்தார் என்று தீர்ப்புச் சொல்லுமுன், அவர் கை நம் கையிலும் ஓர் அங்குலம் நீளமாக இருக்கக்கூடும் என்று நினையுங்கள்.

எமது தந்தையார் தம் கடைசிக் காலத்திலே அந்த வேலியோரம் நின்று, "ஒரு நாடா வாங்கியிருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். அதன்பின் அவர் அதைப்பற்றிப் பேசவேயில்லை. அந்த நாடாவை நீங்கள் இன்றே வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றோம்.