பாணனும் பாணும்



இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம் உணவு. சமையற்குறிப்புச் சொல்லப் போகிறேனோ என்று அஞ்ச வேண்டாம். உணவுகளின் பெயர்களைப் பற்றித்தான் பேச இருக்கிறேன். அதிலும் சொல் ஒன்று, பொருள் வேறொன்று என்று நம்மை ஏமாற்றும் பெயர்களைப் பற்றி.

இந்த எண்ணம் எனக்கு வகுப்பறையில்தான் உண்டானது. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கும் உயர்தர வகுப்பு அது. பத்துப்பாட்டை அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். கரும்பலகையில் பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்று எழுதிவிட்டு, "பாணன் என்றால் யார்?" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"பாண் விக்கிறவரு, சேர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவன் மட்டும் உட்காரவில்லை.

"பாட்டுப் போட்டுக்கிட்டு வருவாருல்ல சேர், அவருதான்" என்றான்.

அவன் யாரைச் சொன்னான் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். முச்சக்கர வண்டியில் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, இசையை ஒலிக்கவிட்டு, தெருத்தெருவாகப் பாண் விற்றுவருகிறவர். 'டியூன்' என்ற ஆங்கிலச் சொல் பேச்சுச் சிங்களத்தில் 'சூன்' ஆகி, அந்தப் பாணுக்கே 'சூன் பாண்' என்று பெயராகிவிட்டது. அந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒலிப்பது, ஜெர்மானிய இசைமேதை பேத்தோவன் 1810ஆம் ஆண்டில் அமைத்த 'ஃபூர் எலீஸ்'. தேயிலை மலைச்சரிவில் அந்த இசை கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பேத்தோவன் நினைவுக்கு வருவதில்லை, பசிதான் வரும்.

பழந்தமிழில் பாண் என்றால் பாட்டு. பாட்டைத் தொழிலாகக் கொண்டவன் பாணன். நாம் உண்ணும் பாணோ 1505ஆம் ஆண்டில் இந்தத் தீவுக்கு வந்த போர்த்துக்கேயரின் சொல். இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் அந்த மாணவனின் பாணன் பாட்டோடும் வருகிறான், பாணோடும் வருகிறான். விடை பிழை என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. பூச்சியம் போட மனம் வரவில்லை.

அன்று முதல் நம்முடைய உணவுப் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். இடியப்பத்தில் மழைக்கால இடி இல்லை. இடித்த மாதான் இருக்கிறது. மாசிச் சம்பலுக்கும் மாசி மாதத்துக்கும் தொடர்பில்லை. மாலைதீவு மக்களின் திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். சீனிச் சம்பலில் சீனியைவிட வெங்காயமே மிகுதி.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது ஆனைக்கொய்யா. அந்தப் பழத்தின் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டுப் பழங்குடிகளின் நாவாட்டில் மொழியில் அதற்கு 'ஆவாகாட்ல்' என்று பெயர். ஸ்பானியர் வாயில் அது 'அகுவகாத்தே' ஆயிற்று. ஆங்கிலேயர் அதைத் தமக்குத் தெரிந்த சொற்களாக மாற்றி 'அலிகேட்டர் பெயார்' என்றனர். அதாவது முதலைப் பேரிக்காய். சிங்களத்தில் அதுவே 'அலிகெட்டபேர' என்று ஒலித்தது. சிங்களத்தில் 'அலி' யானை, 'பேர' கொய்யா. நமக்கு அது ஆனைக்கொய்யா. முதலையும் இல்லை, பேரிக்காயும் இல்லை, யானையும் இல்லை, கொய்யாவும் இல்லை. நான்கு மொழிக்காரர் ஒருவர் சொன்னதை மற்றவர் தமக்குத் தெரிந்தவாறு கேட்டதன் விளைவு அது. யாரும் பொய் சொல்லவில்லை.

சௌசௌவும் மெக்சிக்கோவிலிருந்து வந்ததுதான். பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் காய்க்குத் தமிழ்நாட்டில் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றும் பெயர் உண்டு. ஊரும் பிழை, குடும்பமும் பிழை.

தடிமன் பிடித்தால் நம் வீடுகளில் மல்லிக் கோப்பி போடுவார்கள். மல்லியும் இஞ்சியும் கொதிக்கும். கோப்பிக் கொட்டை ஒன்றுகூட இராது. எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்ததே கோப்பிக்காகத்தான். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலையின் முகமே மாறிவிட்டது. மல்லிக் கோப்பியைக் குடிக்கும்போதெல்லாம், செடி போன பிறகும் பெயர் மட்டும் எங்கள் அடுப்பங்கரையில் தங்கிவிட்டது போல எனக்குத் தோன்றும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாய் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்.

"சேர், பெக்டரியில ஒரேஞ்ச் பெக்கோன்னு சொல்றாங்களே, அதுல தோடம்பழம் எங்க சேர்?"

நல்ல கேள்வி. தொழிற்சாலையில் கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, கடைசியில் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரேஞ்ச் பெக்கோ, புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ, பெனிங்ஸ், டஸ்ட் என்பவை எல்லாம் அப்படி விழும் இலையின் பருமனையும் தோற்றத்தையும் குறிக்கும் பெயர்கள். தோடம்பழத்தின் சாறும் இல்லை, மணமும் இல்லை. ஒல்லாந்து அரச குடும்பத்தின் 'ஒரேஞ்ச்' என்ற பெயரை வணிகர் ஒட்டிக்கொண்டனர் என்று ஒரு விளக்கம் உண்டு. உலர்ந்த இலைநுனியின் செம்பொன் நிறத்தால் வந்தது என்பது இன்னொரு விளக்கம்.

'பெக்கோ' என்பது சீனச் சொல். வெண்மையான மென்மயிர் என்று பொருள். இளங்குருத்தின்மேல் பட்டுப்போலப் படிந்திருக்கிறதே, அதுதான். வீட்டுக்குப் போனதும் இந்தச் செய்தியை என் தாயாரிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர்.

"அதுவா? விடியக்காலையில பனியோட தொட்டா பஞ்சு மாதிரி இருக்குமே" என்றார்.

1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் எத்தனையோ கோடிக்கு விலைபோன பெயர் அது. அந்தப் பெயரின் பொருளை என் தாயாரின் விரல் என்றோ அறிந்திருக்கிறது. பெயரைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் காம்பராவுக்கு மாதந்தோறும் ஒரு பொட்டலம் வரும். அதில் எந்த அரச குடும்பத்தின் பெயரும் இராது. நாங்கள் அதைத் 'தூள்' என்போம். அதை ஊற்றிக் குடித்தால் 'சாயத்தண்ணி'. கப்பலேறுகிற இலைக்கு ஒரு பெயர், காம்பராவில் தங்குகிற இலைக்கு ஒரு பெயர். ஆனைக்கொய்யா காது செய்த பிழை. இது காது செய்ததல்ல.

இங்கே என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதத் தந்தார்கள்: 'எங்கள் வீட்டுக் காலை உணவு'. நான் எழுதினேன்: ஆவி பறக்கும் இட்டிலி, தேங்காய்ச் சட்டினி, மணக்கும் சாம்பார். வாசிப்புப் புத்தகத்தில் கண்டதையெல்லாம் எங்கள் வீட்டு அடுப்பில் ஏற்றிவிட்டேன். நல்ல புள்ளி கிடைத்தது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். இஸ்தோப்பில் நின்றே வாசித்தேன். உள்ளே அம்மா கோதுமை மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, தம்பி. ஆனா இது யாரு வீட்டுச் சாப்பாடு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று விடை தெரியவில்லை.

ரொட்டியைக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் சில நாட்களில் அதற்குக் கறியாக வந்ததை எழுத எனக்கு நா மட்டுமல்ல, பேனாவும் கூசியிருக்கும். குப்பைக்கீரை. லயத்துக்குப் பின்னால், குப்பைமேட்டின் ஓரமாகத் தானே முளைத்துக் கிடப்பது. அம்மா அதை மடியில் பறித்து வருவார். "என்ன கறி?" என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டால் "கீரை" என்று மட்டும் சொல்வார். முன்பாதியை விழுங்கிவிடுவார்.

1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. மாவும் அரிசியும் கிடைக்காமல் மக்கள் இலையையும் கிழங்கையும் தேடிப்போன காலம். பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. அப்போது அம்மா சிறுமி. அவருடைய தாயார் குப்பைக்கீரையை அவித்தால் முதலில் காம்பராக் கதவைச் சாத்துவாராம். பக்கத்தில் எல்லோரும் அதையேதான் அவித்தார்கள். அவர்களும் கதவைச் சாத்தினார்கள்.

சிறுபாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்தப் பாட்டில் பாணனின் வீட்டு வறுமை வருகிறது. பசியால் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பில்லாமல் அவிக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்த நாளில் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அந்தப் பகுதியைக் கதையாகச் சொன்னேன். கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பாவம் அந்தப் புள்ள. எங்ககிட்ட உப்பாவது இருந்துச்சு."

இத்தனை ஆண்டுகள் இலக்கியம் கற்பித்தும் அந்தப் பாட்டுக்கு இதைவிட நல்ல உரையை நான் கேட்டதில்லை. நத்தத்தனார் ஒரு பெரும்புலவர். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் கொடையைப் பாட வந்தவர். மன்னனைப் பாட வந்த இடத்திலும் குப்பைக்கீரையைக் குப்பைக்கீரை என்றே சொல்ல அவர் கூசவில்லை. கூசியது பத்து வயதில் நான்.

ஆகவே, அன்று பாணனுக்குப் பிழையான விடை சொன்ன அதே வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். அதே பழைய தலைப்பு. ஒரே ஒரு நிபந்தனை: தட்டில் உள்ளதற்கு வீட்டில் வழங்கும் பெயரைத்தான் எழுத வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் எழுதவில்லை. மறுநாள் வந்தன: ரொட்டி, கட்டச்சம்பல், பழைய சோறு, சாயத்தண்ணி, 'ஒன்றும் இல்லை'.

பின்வரிசை மாணவனும் எழுதியிருந்தான். அவன் எழுதியதைச் சொல்லுமுன் ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு நாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் விழுவது 'அரைப் பேர்'. அவன் எழுதியது இதுதான்: 'அம்மாவுக்கு முழுப் பேர் விழுந்த வாரத்தில் எங்கள் வீட்டில் காலையில் பாண். அரைப் பேர் விழுந்தால் பாட்டு மட்டும்.'

அதை இரண்டு முறை வாசித்தேன். பாணனுக்கு விடை சொன்ன அன்று அவன் பகிடி விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொப்பியின் ஓரத்தில் முழுப் புள்ளியைப் போட்டேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பெயரின் முன்பாதியை விழுங்கிச் சொல்லப்படும் உணவு ஒன்று இருக்கலாம். இன்றிரவு பிள்ளைகள் "என்ன கறி?" என்று கேட்டால் அதன் முழுப் பெயரையும் சொல்லுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கதையையும் சொல்லிவிடுங்கள்.