மூன்று மாத முன்பணம்

சென்னை மந்தைவெளி போன்ற அமைதியான பிரதேசத்தில், ஒற்றைப் படுக்கையறை கொண்ட சிறு வீட்டை வாடகைக்குத் தேடி அலையும் இளந்தம்பதிக்கு, வேப்பமர நிழலும் சமையலறை ஜன்னலின் வெளிச்சமும் அளித்த ஆனந்தத்தை, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் ஒரு க்ஷணத்தில் அபகரித்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, இருதரப்பாரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. மூன்று மாதம், நினைவிருக்கட்டும். வாடகை 15,000 ரூபாயானால் முன்பணம் 45,000. பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டால் அதுவே செல்லும். ஆகையால் ஒப்பந்தத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் மரியாதையுடன் பேசிவிடுங்கள். வீட்டைக் காலி செய்தபின், நியாயமான பாக்கி போக மீதித் தொகையை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி.