ஈற்றுக் குறைவும் ஆண் பன்றியின் இரத்தச் சோதனையும்



பன்றியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் புன்னகை புரிகின்றனர். பன்றி வளர்ப்போரை இழிவாக ஏசிப் பழகிய நாடு நம் நாடு. பிரான்சு நாட்டின் துலூசு நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, அவ்விலங்கின் குரோமோசோம்களை ஆராயும் ஆய்வகமே உண்டு.

அங்கு எதனைத் தேடுகின்றனர்? ஒரு தாய்ப்பன்றி 12 குட்டிகள் ஈனவேண்டிய இடத்தில் 6 மட்டுமே ஈன்றது எனக் கொள்வோம். பண்ணையாளர் முதலில் தீவனத்தைக் குறை கூறுவார். பின்னர்த் தாயைக் குறை கூறி இறைச்சிக்கு விற்றுவிடுவார். (மனிதர் வீட்டிலும் மகப்பேறு இல்லையெனில் முதற்பழி யார்மீது விழுகிறது என்பதை நாம் அறிவோம்.) ஆண் பன்றியை ஐயுறுவார் இலர். அது கொழுத்திருக்கும், வேட்கையிலும் குறைவிராது. விந்தை உருப்பெருக்கியில் நோக்கினாலும் விந்தணுக்கள் துடிப்புடன் நீந்தும்.

குறை அதனினும் உள்ளே இருக்கலாம். பன்றிக்கு 38 குரோமோசோம்கள். அதாவது 19 இணைகள். சில ஆண் பன்றிகளில் இரு வேறு குரோமோசோம்கள் முறிந்து, துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொண்டிருக்கும். மொத்தத்தில் எதுவும் குறையாமையால் அவ்விலங்குக்கு நோயில்லை. ஆனால் விந்தணு உருவாகுங்கால் பங்கீடு பிழைபடுகிறது. ஒரு துண்டு மிகையாகவும் மற்றொன்று இல்லாமலும் அமைந்த விந்தணுவால் உண்டாகும் கரு, பெரும்பாலும் கருப்பையிலேயே மடிகிறது. உயிருடன் பிறக்கும் குட்டிகளிலும் ஏறத்தாழப் பாதி அம்மாற்றத்தைத் தாங்கியே பிறக்கும்.

1964-இல் சுவீடன் நாட்டில், ஈற்றுக் குறைவுக்குக் காரணமான ஓர் ஆண் பன்றியிடம் இதனை முதன்முதலாகக் கண்டனர். முன்பு அத்தகைய பன்றி தன் பண்ணையை மட்டுமே கெடுத்தது. செயற்கைக் கருவூட்டல் பரவியபின் அதன் விந்து எத்தனையோ பண்ணைகளுக்குச் செல்கிறது. ஆகவேதான் பிரான்சில் கருவூட்டல் நிலையத்துக்குரிய இளம் ஆண் பன்றிகளின் இரத்தத்தை முன்னரே சோதிக்கின்றனர். வெள்ளணுக்களைச் சில நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்திச் சாயமேற்றி, 19 இணைகளையும் வரிசைப்படுத்திப் பார்க்கின்றனர். ஏறத்தாழ 200-க்கு ஒன்றில் இக்குறை தென்படுகிறது.

இச்சோதனைக்கு அகப்படாத குறைகளும் உள. பின்லாந்தின் யார்க்சயர் இனத்தில் விந்தணுவின் வால் குட்டையாகி நீந்தவியலாது போனதற்கு ஒற்றை மரபணுவே காரணம் என 2006-இல் தெரிந்தது.

ஆய்வகத்தின் அருகே இல்லாத பண்ணையாளரும் ஒன்று செய்யலாம். ஈற்றுக் கணக்கைத் தாயின் பெயரில் மட்டுமன்றித் தந்தையின் பெயரிலும் எழுதிவைக்கலாம். ஒரே ஆண் பன்றியுடன் சேர்ந்த பல தாய்களும் குறைவாகவே ஈனுமாயின், தாய்களை விற்குமுன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.