பாதணிக்குள் வைத்துக் காத்த நாட்குறிப்பு
(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உலகப் போரில் பணியாற்றியவர்களின் நினைவுகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல; விஞ்ஞானப் பட்டதாரி, அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவன். இந்த ஊருக்கு வந்து வங்காளி படிக்கக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த லாபங்களுள் ஒன்று, 1957-ல் வெளிவந்த 'அபி லே பாக்தாத்' என்னும் புத்தகம். அதைப் பற்றியே சொல்கிறேன்.

அதை எழுதியவர் சிசிர் பிரசாத் சர்பாதிகாரி. படித்த வங்காள இளைஞர். முதல் உலகப் போரின்போது, 1915-ல், வங்காள ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து மெசபடோமியா, அதாவது இன்றைய இராக், சென்றார். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதும் சிகிச்சைக்கு உதவுவதும் அவர் வேலை.

1915 டிசம்பரில் கூட் என்ற ஊரில் துருக்கியர் நம் படையைச் சூழ்ந்துகொண்டனர். முற்றுகை 147 நாட்கள் நீடித்தது. உணவு தீர்ந்து, குதிரைகளைக் கொன்று தின்னும் நிலை வந்தது. நம் சிப்பாய்கள் பலர் அதைத் தொட மறுத்தார்கள். இந்தியாவிலிருந்து மதப் பெரியவர்களின் அனுமதியைத் தருவித்த பிறகும் வெகுநாள் தயங்கினார்கள். நம் வீடுகளில் ஆசாரம் பற்றிப் பேசும்போது, பசியால் உயிர் போகும் இடத்தில் அதைக் காத்தவர்களையும் நினைக்க வேண்டும்.

1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தனர். தளபதி டவுன்ஷெண்ட் கான்ஸ்டாண்டிநோபிள் அருகே ஒரு தீவில் வசதியாக வாழ்ந்தார். சாதாரண வீரர்கள் பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டு வழியெல்லாம் மடிந்தார்கள். சிசிர் பிழைத்தார். நாட்குறிப்பைப் பிய்த்துத் தாள்களைப் பாதணிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அலெப்போ மருத்துவமனையில் கைதியாக வேலை செய்தபோது ஆர்மீனிய மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் எழுதினார். துருக்கிச் சிப்பாய்களையும் தம்மைப் போன்ற மனிதர்களாகவே உணர்ந்து எழுதியிருக்கிறார். பகைவனை மனிதனாகப் பார்க்கும் பார்வை தளபதிகளின் அறிக்கைகளில் கிடைக்காது.

கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் எங்களுக்குக் கற்றுத் தந்த முதல் பாடம், பார்த்ததை அன்றே எழுது என்பது. இந்தப் புத்தகத்தின் பலமும் அதுவே. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தனை விவரம் எந்த ஞாபகத்தில் நிற்கும்?

பிரின்செப் காட் அருகே கப்பல் தொழிலாளர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் போரில் மடிந்த 896 பேருக்காக எழுப்பியது. மாலையில் காற்று வாங்கப் போகும் நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். கட்டடம் எண்ணிக்கையைத்தான் சொல்லும். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாரை நினைத்து அழுதார்கள் என்பதை ஒரு நாட்குறிப்புதான் சொல்லும்.

முதல் போரின் வீரர் எவரும் இன்று உயிருடன் இல்லை. இரண்டாம் போரில் பணியாற்றியவர்களும் நூறு வயதை ஒட்டியவர்கள். நம் குடும்பங்களில் தாத்தாவோ பெரியப்பாவோ பர்மா முனைக்கோ, ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கோ போயிருந்தால், அவர்களுடைய கடிதங்களும் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டும் பரணில் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தேதி, ஊர், படைப்பிரிவு மூன்றையும் குறித்து வையுங்கள். பேரன் பேத்திகளுக்கு அதைவிடப் பெரிய சொத்து வேண்டாம்.