எடின்பரோவின் எரிமலைப் பூங்கா

எரிமலை என்றதும் புகையும் தீயும் ஊரைவிட்டு ஓடும் மக்களும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின், ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் மக்கள் எரிமலையை நாடி நடக்கின்றனர். முதியோர் அதன் அடிவாரத்தில் உலாவுகின்றனர். இளைஞர் உச்சிவரை ஏறி நகரையும் அப்பாலுள்ள கடலையும் கண்டு மகிழ்கின்றனர். அம்மலையின் பெயர் ‘ஆர்தரின் ஆசனம்’. அதன் உயரம் 251 மீற்றர். அதனை உள்ளடக்கிய ஹோலிரூட் பூங்கா ஏறக்குறைய 650 ஏக்கர் பரப்புடையது. அரச மாளிகையும் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றமும் பூங்காவின் ஓரத்திலேயே அமைந்துள்ளன.

இம்மலையருகே வாழ்வோர் அஞ்ச வேண்டியதில்லை. இஃது ஏறக்குறைய 340 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்க் கனன்று, பின் முற்றாக அவிந்த எரிமலை. அது அவிந்து நெடுங்காலம் சென்றபின், நிலத்தின் கீழிருந்து பாறைக்குழம்பு மீண்டும் எழுந்து, அடையற் பாறைகளின் இடையே புகுந்து, அங்கேயே ஆறி இறுகியது. பனியுகத்தில் இந்நிலத்தின்மீது நகர்ந்த பனிக்கட்டியாறுகள் மென்மையான பாறைகளை அரித்துச் சென்றன, வன்மையானவை எஞ்சின. அவ்வாறு எஞ்சிய நெடிய பாறைச் சுவரே இன்று நகரை நோக்கி நிற்கும் சோல்ஸ்பரிச் செங்குத்துப் பாறை.

இவ்வரலாற்றை மனிதர் அறிந்துகொண்டது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டில் அறிஞர் பலர், பாறைகளெல்லாம் ஆதிக் கடல்நீரிலிருந்து படிந்தவை என்றே கருதினர். 1726இல் இந்நகரிற் பிறந்த ஜேம்ஸ் ஹற்றன் என்பார் சோல்ஸ்பரிப் பாறையின் அடியைக் கூர்ந்து நோக்கினார். கீழேயிருந்த அடையற் படைகளைக் கருநிறப் பாறை பெயர்த்தும் வளைத்தும் உட்புகுந்திருந்தது. நீரில் மெல்லப் படிந்த பொருள் இவ்வாறு செய்யாது. உருகிய நிலையில் விசையுடன் புகுந்த பொருளே செய்யும். இத்தகைய சான்றுகள் பலவற்றைக் கொண்டு, பூமியின் வயது மனிதர் எண்ணியதைவிட மிகமிக நீண்டது என்னும் கொள்கையை அவர் வகுத்தார். 1785இல் எடின்பரோ அரச கழகத்தின் முன்னிலையில் அக்கொள்கை எடுத்துரைக்கப்பட்டது.

புதிய கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1825 முதல் 1827 வரை எடின்பரோவிற் பயின்ற சாள்ஸ் டார்வின், தம் ஆசிரியர் ஒருவர் இப்பாறையருகே நின்று பழைய கொள்கையையே போதித்ததையும், மாற்றுக் கருத்தினரை எள்ளியதையும் தம் வாழ்க்கைக் குறிப்பிற் பதிந்துள்ளார்.

இத்துணைச் சிறப்புடைய பாறை முற்றாக அழிந்துபோகவும் இருந்தது. ஹடிங்ரன் பிரபு வமிசத்தார் இப்பூங்காவின் பரம்பரைக் காவலராக விளங்கினர். இப்பாறையின் கல் மிக உறுதியானது; வீதிகளிற் பதிப்பதற்கு ஏற்றது. ஆகவே காவலரே அதனை உடைப்பித்து விற்கலாயினர். இலண்டன் நகரத்து வீதிகளுக்கும் இக்கல் சென்றது. கண்முன்னே மலை குறைந்துவருவதைக் கண்ட நகரமக்கள் வெகுண்டு முறையிட்டனர். வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1831இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. பூங்காவைக் காக்கும் உரிமை வேறு, அதன் கல்லை விற்கும் உரிமை வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். கல் உடைத்தல் நின்றது. பின்னர், 1840களில், காவலுரிமையையும் முடிக்குரிய அரசு விலைகொடுத்து மீட்டுக்கொண்டது.

இதில் நேயர்கள் சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. கல் உடைப்போரின் உளி பாறையின் உட்புறத்தைத் திறந்து காட்டியமையும் ஹற்றனின் ஆராய்ச்சிக்குத் துணையாயிற்று. ஓரிடத்துப் பாறையை உடையாது விடும்படி அவர் வேண்டிக்கொண்டார் என்றும், தனித்து நிற்கும் அக்கல்லே ‘ஹற்றனின் பாறை’ எனப்படுகின்றது என்றும் கூறுவர். எனினும், அவ்வுளி ஓயாதிருந்திருப்பின், கற்பதற்குரிய சான்று வண்டிச் சில்லுகளின் கீழ்த் தேய்ந்து மறைந்திருக்கும். பயன்படுத்துதலுக்கும் அழித்தலுக்கும் இடையேயுள்ள எல்லையை அந்நகரத்தார் காலந்தாழ்த்தாது கண்டுகொண்டனர்.

காவற்பணி தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. 1820ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்பின், வேலையற்றிருந்த நெசவாளரைக்கொண்டு அமைத்த பாதையொன்று இப்பாறையின் அடியிற் செல்கின்றது. 2018இல் மேலிருந்து பாறை சரிந்தமையால் அப்பாதை மூடப்பட்டது. மழையும் பனியும் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றன. நாள்தோறும் ஏறியிறங்குவோரின் காலடிகளும் மண்ணைத் தேய்க்கின்றன. அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும் அம்மலையை அனைவரும் சேர்ந்தே காத்தல் வேண்டும். தீயை உமிழ்ந்த காலத்தைக் கடந்து நின்ற மலைக்கு, அதனை நேசித்து வரும் மனிதரிடமிருந்தும் பாதுகாப்புத் தேவைப்படுகின்றது.